இயற்கை எழுத்துக்கு ஒரு வாசிப்பு வட்டம்: தொடங்க நினைப்பவர்களுக்கு

பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். பறவை, மரம், ஆறு, பூச்சி, காடு பற்றி எழுதப்பட்டவற்றை மாதம் ஒருமுறை கூடி வாசிக்கிறோம். வாசித்ததை முடிந்தவரை வெளியே போய்ப் பார்க்கிறோம். இது ஒழுங்காக நடக்கத் தொடங்க எங்களுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. இடையில் இரண்டு முறை நின்றே போனது. முதல் கூட்டத்துக்கு 23 பேர் வந்தார்கள். நான்காவது கூட்டத்தன்று மூன்று பேர் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றோம்.

ஆர்வம் வற்றியதால் அப்படி ஆகவில்லை. எழுத்தில் அனுமதி வாங்காதது, தடித்த புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது, கழிப்பறை இல்லாத இடத்தில் கூடியது, கணக்கைத் தெளிவாக வைக்காதது ஆகிய நான்கும்தான் காரணம். நான்கையும் முன்கூட்டியே தவிர்த்திருக்கலாம். உங்கள் ஊரில் ஒரு வட்டம் தொடங்கும் எண்ணம் இருந்தால், நாங்கள் பட்டதை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. அறிவிப்புக்கு முன் நான்கு பேர்

சுவரொட்டியும் வாட்ஸ்அப் அழைப்பும் பிறகு. முதலில், ஆறு மாதம் தவறாமல் வருவேன் என்று சொல்லும் நான்கு பேரைப் பிடியுங்கள். ஒருவர் இடத்துக்குப் பொறுப்பு. ஒருவர் வாசிக்க வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து நகல் எடுப்பார். ஒருவர் தேநீரும் கணக்கும். நான்காவது ஆள்தான் மிக முக்கியம்: உங்கள் ஊரின் நிலத்தையும் நீரையும் கண்ணால் அறிந்தவர்.

அவர் பறவை வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்குக் கிடைத்தவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகள் வாய்க்கால் மடைகளைத் திறந்து மூடியவர். அச்சில் வந்த எதையும் அவர் பெரிதாக வாசித்ததில்லை. ஆனால் எந்த மடையில் எந்த மாதம் எந்தப் பறவை நிற்கும் என்று அவருக்குத் தெரியும். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். பனையேறுபவர், மீன் பிடிப்பவர், களையெடுக்கப் போகும் அக்கா, நாட்டு வைத்தியர் என உங்கள் ஊரில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்காமல் இயற்கை எழுத்தை வாசிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2. இடம்: வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்

வாடகை மண்டபம் வேண்டவே வேண்டாம். கிளை நூலகம்தான் பொருத்தமான இடம். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் ‘வாசகர் வட்டம்’ என்ற ஏற்பாடு ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பதால், நீங்கள் கேட்பது நூலகருக்குப் புதிதாகத் தோன்றாது. முதலில் வாசகர் வட்டத் தலைவரைப் பாருங்கள், பிறகு நூலகரைப் பாருங்கள்.

நாங்கள் சறுக்கியது இங்கேதான். நூலகர் மிக அன்பானவர். “தாராளமாக நடத்துங்கள்” என்றார். மூன்று கூட்டம் நடந்தது. பிறகு அவர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது, கையில் காட்ட ஒரு தாளும் எங்களிடம் இல்லை. பூட்டிய கதவுக்கு முன் நின்றது அன்றுதான். அவர் மீது தவறில்லை.

ஆகவே, மாவட்ட நூலக அலுவலருக்கு முகவரியிட்டு, கிளை நூலகர் வழியாக ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை: மாதத்தில் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏறத்தாழ எத்தனை பேர், கட்டணம் வாங்குவதில்லை, ஒலிபெருக்கி வைப்பதில்லை, கட்சி, சமயப் பேச்சு இல்லை, கூட்டம் முடிந்ததும் இடத்தைப் பெருக்கி நாற்காலிகளை அடுக்கிக் கொடுப்போம். கீழே இரண்டு பேர் கையெழுத்து, முகவரி, கைப்பேசி எண், அடையாளச் சான்றின் நகல். கடிதத்தை இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் ‘பெறப்பட்டது’ என்று தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படியை நெகிழி உறையில் போட்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்துச் செல்கிறோம்.

நூலகம் கிடைக்காவிட்டால் பள்ளி வகுப்பறை, ஊர்ச் சமுதாயக் கூடம், பெரிய மரத்தடி எதுவும் சரி. ஆனால் ஒன்றை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்: பெண்கள் பயன்படுத்தத் தக்க, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா? நாங்கள் ஒருமுறை மிக அழகான ஆற்றங்கரை மண்டபம் ஒன்றில் மூன்று மாதம் கூடினோம். பெண்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். ஏன் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. என் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

3. நாளும் நேரமும்

மாதத்தின் ஒரே கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாவது ஞாயிறு, மாலை 4.00 முதல் 5.30 வரை. எல்லாருக்கும் வசதியான நாளை ஒவ்வொரு மாதமும் தேடினால் வட்டம் கலைந்துவிடும். நூலகத்தின் வார விடுமுறையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கிளைக்கு வெள்ளிக்கிழமை.

ஆண்டுத் திட்டத்தை உங்கள் ஊர்ப் பருவத்தை வைத்துப் போடுங்கள். திருநெல்வேலியில் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நீர்ப்பறவைகளைப் பற்றி வாசிப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மழை குலைத்துவிடும் என்பதால் அந்த இரண்டு மாதமும் அறைக்குள்தான். மார்ச், ஏப்ரலில் தேர்வு காரணமாக மாணவர்கள் வரமாட்டார்கள், வருத்தப்படாதீர்கள். அக்னி நட்சத்திர நாள்களில் யாரையும் வெளியே அழைத்துச் செல்லக் கூடாது. நவம்பர் 12 பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நாள். தை மாதத்தில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். இரண்டுக்கும் புதியவர்களை அழைத்தால் கட்டாயம் வருவார்கள்.

4. எதை வாசிப்பது

முதல் கூட்டத்தில் நாங்கள் 400 பக்கப் புத்தகம் ஒன்றை அறிவித்து, முழுவதும் படித்துவிட்டு வரச் சொன்னோம். அடுத்த மாதம் படித்து முடித்திருந்தவர்கள் நான்கு பேர். படிக்காதவர்கள் கூச்சப்பட்டு அதன் பிறகு வரவில்லை. அன்றோடு ‘படித்துவிட்டு வாருங்கள்’ என்பதை எடுத்துவிட்டோம். இப்போது கூட்டத்தில்தான் வாசிக்கிறோம், அதுவும் உரக்க. மூன்று பக்கத்துக்கு மேல் போவதில்லை. பள்ளிப் பிள்ளையும் அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் ஒரே வரியைக் கேட்கிறார்கள். யாரும் முந்தியவர் இல்லை, பிந்தியவர் இல்லை.

தொடக்கத்துக்கு ஏற்றவை என்று நான் நம்புவதைச் சொல்கிறேன். பாரதியின் வசன கவிதையில் ‘காற்று’ பகுதி. பந்தலில் தொங்கும் இரண்டு கயிறுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் வைத்துக் காற்றைக் காட்டுவார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. சிறியவை, ஒரு கூட்டத்துக்கு ஒன்று என்று வாசிக்கலாம். சு. தியடோர் பாஸ்கரனின் சூழலியல் கட்டுரைகள் விவாதத்துக்கு நல்லவை. எதை அறிவிக்கும் முன்னும் பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் படிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நாங்கள் ஒருமுறை அச்சில் இல்லாத நூலை அறிவித்துவிட்டு ஊர் முழுக்கத் தேடினோம்.

சங்கப் பாடலைக் கடினம் என்று ஒதுக்காதீர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பட்டியல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரு மலர் ஒரு மலராகத் தேடலாம். எங்கள் வட்டம் உண்மையில் ஒன்றுசேர்ந்தது குறுந்தொகையின் 25ஆம் பாடலில்தான். அதுவும் கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவன் தன்னைச் சேர்ந்த நாளில் சாட்சியாக வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகுதான் இருந்தது என்று தலைவி சொல்கிறாள். அந்தக் குருகுக்கு, ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’, அதாவது தினையின் தாளைப் போன்ற சிறிய பச்சைக் கால்கள்.

குருகு என்றால் வெள்ளைக் கொக்கு என்று ஒரு கல்லூரி மாணவி சொன்னார். அண்ணாச்சி தலையசைத்தார். “வெள்ளைக் கொக்குக்குக் கால் கறுப்பு அம்மா, விரல் மட்டும்தான் மஞ்சள். பச்சைக் கால் என்றால் மடையானாக இருக்கும். ஓடுகிற தண்ணீரில் மீனுக்கு நிற்பது அதுதானே, மடையில் நிற்பதால்தானே அந்தப் பெயர்” என்றார்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஒன்பது பேர் பாளையங்கால்வாய்க் கரைக்குப் போனோம். மடைக்கல்லுக்குக் கீழே ஒரு மடையான் நின்றது. மண் நிறம். உட்கார்ந்திருக்கும்வரை கண்ணுக்குத் தட்டுப்படாத பறவை, எழுந்து பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். காலைப் பார்த்தோம். பச்சையும் மஞ்சளும் கலந்த, மெலிந்த, கணுவுள்ள கால். கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நீரையே பார்த்து நின்றது. கரையில் ஒன்பது பேர் நின்றதையோ, சைக்கிள் போனதையோ அது பொருட்படுத்தவில்லை. வெகு நேரம் கழித்து அந்த மாணவி மெல்லச் சொன்னார்: “அது மீனைத்தான் பார்க்கிறது. அவர்களைப் பார்த்திருக்காது.” தலைவிக்கு இருந்த ஒரே சாட்சியும் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லூரியில் இந்தப் பாடலைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். பாட்டில் வரும் குருகு மடையான்தான் என்று நாங்கள் தீர்ப்பு எழுதவில்லை, அது புலவர்களின் வேலை. ஆனால் குருகு ஆரலைப் ‘பார்க்கும்’ என்று பாட்டில் வரும் சொல்லை அன்று நாங்கள் கண்ணால் வாசித்தோம். இரண்டு மாதம் கழித்து ஓர் உறுப்பினர் தொட்டியில் தினை விதைத்து, ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து எல்லார் கையிலும் கொடுத்தார்.

5. நகல் எடுக்கும் முன்

முழுப் புத்தகத்தையும் நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள், பிடிஎஃப் கோப்பாகவும் அனுப்பாதீர்கள். எழுதியவருக்கும் சிறு பதிப்பகத்துக்கும் அது நேரடி இழப்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். எடுத்துக்காட்டாக, சாலிம் அலி 1987இல் மறைந்தார். அவர் எழுதியவற்றுக்கு 2047 முடியும்வரை உரிமை உண்டு. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. மூலம் பழையது என்பதால் மொழிபெயர்ப்பும் பொதுச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம்.

அச்சிட்ட நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொது இடத்தில் வாசித்துக் காட்ட அதே சட்டம் இடம் தருகிறது. எங்கள் உரத்த வாசிப்புக்கு இது போதும். சங்க இலக்கியம், பாரதி, தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் ஆகியவற்றைத் தயங்காமல் நகல் எடுக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவற்றில் பல இலவசமாகக் கிடைக்கின்றன.

6. தொண்ணூறு நிமிடம்

முதல் பத்து நிமிடம், இந்த மாதம் கண்ணில் பட்டது: ஆளுக்கு ஒன்று, இரண்டு வாக்கியம். அடுத்த அரை மணி நேரம் வாசிப்பு. ஒரு பத்திக்கு ஒருவர் என்று குரல் மாறட்டும், வாசிக்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பிறகு தேநீர். மீதி நேரம் பேச்சு.

பேச்சில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: கருத்து சொல்லும் முன் வரியைக் காட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு பொதுவான புலம்பலுக்குப் போய்விடும். புலம்பக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குறிப்பேடு வாங்கி, பறவைக்கும் செடிக்கும் அவரவர் ஊரில் வழங்கும் பெயர்களை எழுதுங்கள். ஒரே பறவைக்கு ஏரலில் ஒரு பெயர், அம்பாசமுத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். யார் சொன்னார், எந்த ஊர், என்ன தேதி என்று சேர்த்து எழுதுங்கள். எங்கள் குறிப்பேட்டில் இப்போது 140க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. இந்த வட்டத்தில் எனக்கு மிகவும் மதிப்பானது அதுதான்.

7. வெளியே போகும் நாள்

தொடக்கத்திலேயே காட்டுக்குப் போக ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. 4,500 ரூபாய்க்கு வேன் பேசி, பதினான்கு பேர் மலையடிவாரச் சோதனைச் சாவடிவரை போய், முன்அனுமதி இல்லாததால் திரும்பி வந்தோம். காவலர்கள் செய்தது சரி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். களக்காடு - முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகமாக இருந்தால் எந்தப் பகுதி பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது, எந்த மாதம் மூடல் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வண்டிக்கு முன்பணம் கொடுங்கள்.

முதல் ஆண்டு முழுவதும் குளக்கரை, வாய்க்கால், கோயில் நந்தவனம், கல்லூரி வளாகம் போதும். எங்கள் மாவட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊர்த் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டும். ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர், அங்கும் ஊரார் காக்கும் பறவைகளுக்காக 2005இல் பாதுகாப்புக் காப்பகம் அறிவித்தார்கள். இப்படிப்பட்ட ஊருக்குப் போனால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள், தேநீரை அந்த ஊர்க் கடையில் குடியுங்கள்.

எங்கள் கட்டுப்பாடுகள்: கூட்டின் அருகே போவதில்லை, கூட்டைப் படம் எடுப்பதில்லை. கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அதை வரவழைப்பதில்லை. முட்டை, கூடு, இறகு எதையும் எடுப்பதில்லை. முட்டையையும் கூட்டையும் சிதைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வந்தால் பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதமும் அவசர எண்ணும் கட்டாயம்.

இருநோக்கி (பைனாகுலர்) இல்லை என்று தயங்காதீர்கள். பதினைந்து பேருக்கு எங்களிடம் இருப்பவை இரண்டு.

8. பணம்

ஒரு கூட்டத்துக்குப் பதினைந்து பேர் என்று வைத்தால் எங்கள் செலவு: ஆளுக்கு மூன்று பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் என்று நகல் 90 ரூபாய். தேநீர் 12 ரூபாய் வீதம் 180 ரூபாய். மொத்தம் 270 ரூபாய். தலைக்கு இருபது ரூபாய் போட்டாலே மிச்சம் இருக்கும். மிச்சத்தைச் சேர்த்து, புத்தகத் திருவிழாவில் வழக்கமாகக் கிடைக்கும் 10 சதவீதக் கழிவில் ஒரு நூலில் ஐந்து படி வாங்குகிறோம். அவை உறுப்பினர்களிடையே சுற்றும்.

தொடக்கத்தில் எல்லாப் பணத்தையும் என் சொந்த வங்கிக் கணக்கில் கைப்பேசி வழியாக வாங்கினேன். ஆறு மாதம் கழித்து எது வட்டத்துப் பணம், எது என் வீட்டுப் பணம் என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. ஒருவர் கணக்குக் கேட்டார், கேட்டது நியாயம். பதில் சொல்லத் திணறினேன். அவர் அதன் பிறகு வரவில்லை. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. இப்போது பணம் ஒரு தகரப் பெட்டியில், வரவுசெலவு ஒரு நோட்டில், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் இரண்டு பேர் கையெழுத்துடன் வாசிக்கப்படுகிறது. இரண்டே நிமிட வேலை.

9. பதிவு செய்ய வேண்டுமா

சந்தா இல்லாமல், உறுப்பினர் பட்டியல் இல்லாமல், நூலகத்தில் கூடும் சிறு வட்டத்துக்குத் தொடக்கத்தில் இந்தக் கவலை வேண்டாம். வங்கிக் கணக்கு, நன்கொடை, பெரிய நிகழ்ச்சி என்று வளர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்ய வேண்டிவரும். குறைந்தது ஏழு பேர், எழுதிய விதிமுறைகள், நிர்வாகிகளின் அடையாள, முகவரிச் சான்றுகள் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பதிவுக்குப் பிறகு ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் கொடுக்க வேண்டும், பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதற்கு ஓர் ஆள் முன்வந்த பிறகு பதிவைப் பற்றி யோசியுங்கள்.

10. பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் கூட்டத்துக்கு நாற்பது நாள் முன்பு நான்கு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். கடிதத்தை அதே வாரம் கொடுங்கள். எங்களுக்குப் பதில் வர 19 நாள் ஆனது, இடையில் இருமுறை நேரில் போய்க் கேட்டேன். பதில் வந்த பிறகே தேதியை அறிவியுங்கள். பத்து நாள் முன்பு அறிவிப்பு: நூலகப் பலகை, பள்ளி, தேநீர்க் கடை. வாட்ஸ்அப் குழுவில் நடத்துநர்கள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே எங்கள் அறிவிப்பு இருமுறை காணாமல் போனது. மூன்று நாள் முன்பு நகல். முந்தின நாள் மாலை நூலகருக்கு ஒரு தொலைபேசி. அன்று அரை மணி நேரம் முன்னதாகப் போய், விளக்கும் மின்விசிறியும் ஓடுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள்.